தவணை இழுவிசை: புதுக் கார் வழிவிடும் நிகழ்வு குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆராயப்படும் பொருள் இது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் டிராக் டே நடக்கும் நாட்களில், நானூற்றைம்பது குதிரைத்திறன் கொண்ட புத்தம்புது ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்கி, வெயிலில் வெளிறிய பழைய ஸ்விஃப்ட் ஒன்றுக்கு வழிவிடுகிறது. ஒரு முறை நடந்தால் விபரீதம் என்று விட்டுவிடலாம். புதுக் கார் முதன்முதலாகத் தடமேறும் போதெல்லாம் நடப்பதால் இதற்குக் காரணம் தேடுவது அறிஞர் கடமை. எத்தனை முறை நடந்தது என்ற புள்ளிவிவரம் இக்கட்டுரையில் இல்லை. ஆய்வாளர் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டிராக் டே என்பது பந்தயம் அன்று. கோப்பை கிடையாது, மேடை கிடையாது. கட்டணம் கட்டி, நம்பர் பிளேட் போட்ட சொந்தக் காரைக் கொண்டுவந்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முறை வரும்போது சில சுற்றுகள் ஓட்டிவிட்டுத் திரும்புவது. அமைப்பாளர்கள் பொதுவாக நேரம் குறிப்பதில்லை. ஓட்டுபவர்கள் அத்தனை பேர் செல்போனிலும் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

களத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் மோட்டார் பந்தயம் வளர்ந்த இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருப்பது 2.1 கிலோமீட்டர் தடம். கரிவரதன் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தக் கரிவரதன்தான் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டி, காசில்லாத இளைஞர்களும் ஃபார்முலா வண்டி ஓட்டலாம் என்று ஆக்கியவர். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயன் முதலில் ஓட்டிய பந்தயமே ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ஃபார்முலா மாருதிப் பந்தயம். ஆகவே இத்தடங்களில் மாருதி எஞ்சினுக்குப் பழைய பாத்தியதை ஒன்று உண்டு. புதுக் காரின் உரிமையாளருக்கு இது தெரிந்திருந்தால் வருத்தம் பாதியாகக் குறையும்.

இனி நிகழ்வு. டிராக் டேயில் வளைவில் முந்தக் கூடாது; நேர்பாதையில் மட்டுமே, அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டினால்தான். (நெடுஞ்சாலையில் லாரிக்காரர் வலப்பக்க இண்டிகேட்டர் போட்டால் ‘முந்திப் போ’ என்று அர்த்தமா, ‘நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’ என்று அர்த்தமா என்பது இன்றுவரை தீராத வழக்கு. தடத்தில் அந்த ஐயம் இல்லை. காலை வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள்.) இந்த விதியால் விளைவது நுட்பமான அவமானம். நேர்பாதையில் புதுக் கார் இடிபோல் முழங்கிப் பறக்கிறது, ஸ்விஃப்ட் புள்ளியாகிறது. அடுத்த இரண்டு வளைவு முடிவதற்குள் கண்ணாடி முழுவதும் ஸ்விஃப்ட். மறுபடி நேர்பாதை, மறுபடி முழக்கம், மறுபடி கண்ணாடியில் ஸ்விஃப்ட். கடைசியில் கொடிக்காரர் நீலக் கொடி காட்டுகிறார். நானூற்றைம்பது குதிரையை ஓட்டுகிறவர், நேர்பாதையிலேயே, தாமாக, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் 87 குதிரை முன்னால் போக முடியும். காலை எடுக்கிறார். தோற்றவரே தோல்வியைத் தம் காலால் செய்துகொடுக்க வேண்டிய விளையாட்டு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி? பிட் பகுதியில் நிலவும் கட்சிகள் நான்கு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களைப் பரபக்கம் என்று முதலில் கூறி மறுத்துவிட்டே தம் கொள்கையைச் சுபக்கம் என்று நிறுவினார். கார் விஷயத்திலும் அதைவிட நல்ல முறை இல்லை.

முதலாவது ரன்-இன் கட்சி. புது எஞ்சினை ஆரம்பத்தில் விரட்டக் கூடாது என்பது இவர்கள் வேதம். அதற்கு ஆதாரமும் உண்டு: பி.எம்.டபிள்யூ எம் வகைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலையும் பின் அச்சு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றும் ரன்-இன் சர்வீஸ் உண்டு. அதுவரை அடக்கித்தான் ஓட்ட வேண்டும். ஆனால் டிராக் டேக்குப் பெயர் கொடுத்தவர் அந்த 2,000 கிலோமீட்டரை முடிப்பதற்காகவே சென்னையிலிருந்து ஏலகிரிக்கும் புதுச்சேரிக்கும் காரணமில்லாமல் போய்வந்தவர். சர்வீஸ் முடிந்த ரசீது டேஷ்போர்டில் இருக்கிறது. கட்சி மறுக்கப்பட்டது.

இரண்டாவது டயர் கட்சி. ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே காற்று விரியும். ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் அழுத்தம் ஏறும். பெட்ரோல் பங்க்கில் சொன்ன அளவுக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தவர் நாலு சுற்றில் பலூன் மீது போகிறார் என்பது வாதம். நைட்ரஜன் அடித்தால் தீரும் என்கிறது உட்பிரிவு ஒன்று. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் என்பதை அவர்களிடம் எடுத்துச் சொன்னால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இக்கட்சிக்கு ஒரு வலுவான வரலாற்றுச் சான்றும் இருக்கிறது. 2005 இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மிஷெலின் டயர் பூட்டிய 14 கார்கள் ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் வரிசையாகப் பிட்டுக்குள் போய்விட, மிச்சம் ஓடியவை ஆறே கார்கள். நம்ம நாராயண் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். டயர் தலையெழுத்தை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் நம் நிகழ்வில் ஸ்விஃப்டின் டயரைப் பார்த்தோமானால் அது பாதி தேய்ந்த சாதாரண டயர். எதிரே அகன்ற, ஒட்டும் ரப்பர். டயர் முடிவு செய்வதாயிருந்தால் முடிவு எதிர்ப்பக்கம் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

மூன்றாவது பிரேக் கட்சி. இவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது, கணக்கோடு வருகிறார்கள். 1,700 கிலோ கார் மணிக்கு 200 கிலோமீட்டரில் வந்து 80-க்கு இறங்கினால், இழந்த இயக்க ஆற்றல் சுமார் 22 லட்சம் ஜூல். அது எங்கும் ஓடிப்போவதில்லை. பெரும்பகுதி பிரேக் டிஸ்கில் சூடாக இறங்குகிறது. அறைச் சூட்டில் இருக்கும் ஏழரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு. பிட்டில் உள்ள அனைவருக்கும் டீ போடலாம். இது ஒரு வளைவுக்கு. ஸ்விஃப்டோ ஒரு டன் சொச்சம். 160-லிருந்து 80-க்கு இறங்கும்போது அதன் பங்கு மூன்று லிட்டர்கூட வராது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், கனமும் பாய்ச்சலும் உள்ள வண்டிக்குப் பிரேக் முதலில் களைக்கும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் குழாயில் ஆவி புகுந்து பெடல் தரை வரைக்கும் போகும். அனுபவித்தவர்கள் அதைச் சிரிக்காமல் சொல்கிறார்கள். டாட் 4 ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி கொதிநிலை. ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அது 155 வரை இறங்கலாம். அதனால்தான் கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஆற விட்டு வரச் சொல்கிறார்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக்கும் இழுக்கக் கூடாது, கியரில் விட்டு நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் சரி. ஆனால் நம் உரிமையாளர் வழிவிடுவது முதல் சில சுற்றுகளிலேயே. பிரேக் அப்போது பச்சைக்குழந்தை. களைப்பு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. மேலும் கூர்ந்து நோக்கினால் அவர் பிரேக்கை அழுத்துவதே இல்லை. வளைவுக்கு வெகுதூரம் முன்பே கால் வைத்து, நெடுந்தூரம் தடவிக்கொடுத்துக்கொண்டே வருகிறார். கொதிக்காத ஆயிலைக் குற்றம் சொல்வது தருக்கத்துக்குப் பொருந்தாது.

நான்காவது எலுமிச்சைக் கட்சி. டெலிவரி எடுத்த அன்று சக்கரத்துக்கு அடியில் வைத்த நான்கு எலுமிச்சையில் ஒன்று நசுங்காமல் உருண்டுவிட்டது என்பது இவர்கள் தரப்பு. மேலே சொன்ன கணக்கில் ஏழரை லிட்டர் என்று வந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து இவர்கள் கை ஓங்கியிருக்கிறது. சனி பகவான் ஜூலில் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டேஷ்போர்டுப் பிள்ளையாரைச் சோதனை அதிகாரி கழற்றச் சொன்னதையும் சான்றாகக் காட்டுகிறார்கள். காருக்குள் ஒட்டாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது தட விதி. மிதியடி, குடை, செருப்பு, முக்கியமாகத் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். உருண்டு வரும் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போனால் பிள்ளையாரே ஓட்டினாலும் நிற்காது. பிள்ளையார் இரட்டைப் பக்க டேப்பில் உறுதியாக ஒட்டப்பட்டிருந்ததால் அவர் ஒட்டாத பொருளா என்று நீண்ட விவாதம் நடந்தது. முடிவில் பிட் சுவரில் அமர்த்தப்பட்டார். அங்கிருந்து அவருக்குக் காட்சி நன்றாகவே தெரிந்திருக்கும். எலுமிச்சையைப் பொறுத்தவரை, ஸ்விஃப்டுக்கு யாரும் பல ஆண்டுகளாக எலுமிச்சை வைக்கவில்லை என்பதே போதிய மறுப்பு.

இனிச் சுபக்கம். காரணம் எஞ்சினிலோ டயரிலோ ஆயிலிலோ இல்லை, வங்கியில் இருக்கிறது. ஓடும் காரைப் பின்னுக்கு இழுக்கும் விசைகளாகக் காற்றின் தடையையும் டயரின் உருள் தடையையும் பொறியியல் நூல்கள் சொல்கின்றன. மூன்றாவது ஒன்று உண்டு. அதற்குத் தவணை இழுவிசை எனப் பெயரிடுகிறோம். மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலும், காருக்கும் பக்கத்துச் சுவருக்கும் உள்ள இடைவெளிக்கு எதிர்விகிதத்திலும் அது செயல்படும். நேர்பாதையில் சுவரை நோக்கிக் கார் போவதில்லை; அங்கே விசை சிறிது, பறக்கிறார். வளைவில் மூக்குக்கு நேரே டயர்ச்சுவர் தெரிகிறது. விசை மலைபோல் எழுந்து வலக்காலைத் தூக்குகிறது. ஸ்விஃப்டின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. அதற்கு வளைவும் நேர்பாதையும் ஒன்றே.

அளவைகளால் நிறுவுவோம். உரை அளவை: மோட்டார் காப்பீட்டு ஆவணத்தில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதி. பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் ஆகியவற்றுக்கு வண்டியைக் கொண்டுபோனால் இழப்பீடு இல்லை என்கிறது. இதில் வேகச் சோதனை என்றால் என்ன என்று முந்தைய இரவு உரிமையாளர் செய்த ஆராய்ச்சி, உரையாசிரியர்கள் தலைவணங்கத் தக்கது. ‘நான் வேகத்தைச் சோதிக்கவில்லை, சும்மா வேகமாகப் போனேன்’ என்ற விளக்கம் செல்லுமா என்று வக்கீல் நண்பரைக் கேட்டிருக்கிறார். நண்பர் சிரித்த சிரிப்பு முதல் வளைவிலேயே அவர் காதில் ஒலிக்கத் தொடங்குகிறது.

காட்சி அளவை: மதியத்துக்குப் பிறகு நடந்த சோதனை. பயிற்றுநர் அதே காரை எடுத்து ஓட்ட, உரிமையாளர் பக்கத்து இருக்கையில். அதே எஞ்சின், அதே டயர், அதே ஆயில், அதே எலுமிச்சை. பயிற்றுநர் தாமதமாக, நேர்கோட்டில், ஒரே அழுத்தாகப் பிரேக் பிடித்தார். வளைவின் வாயைப் பார்க்காமல் அதன் முடிவைப் பார்த்தார். மெதுவாக உள்ளே போய் வேகமாக வெளியே வந்தார். சுவரைப் பார்த்தால் கார் சுவருக்கே போகும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் வந்தார். ஸ்விஃப்ட் இந்த முறை கண்ணாடிக்குள் வரவேயில்லை. நான்கு கட்சிகளும் ஒரே சுற்றில் வீழ்ந்தன. நம் கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்று இடப்பக்க இருக்கையில் கிடைத்தது: ஒவ்வொரு வளைவுக்கும் உரிமையாளரின் வலக்கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பெடல் இல்லாத இடத்திலும் செயல்படுவதால், இவ்விசை இயந்திரத்தைச் சார்ந்ததன்று என்பது தேறும். மாலையில் உரிமையாளரே அந்த ஸ்விஃப்டை இரவல் வாங்கி ஓட்டி, தம் காரில் போனதைவிட வளைவுகளில் வேகமாகப் போனதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

ஓர் ஆட்சேபம்: மொத்தமாக ரொக்கம் கொடுத்து வாங்கியவரும்தானே வழிவிடுகிறார்? விடை: அவர் காரை உற்றுப் பாருங்கள், உடல் முழுக்கப் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கும். பெயின்ட்டுக்குக் கீறல் விழாதிருக்க ஃபிலிம். இப்போது ஃபிலிமுக்குக் கீறல் விழாதிருக்க வளைவில் கால் எடுக்கிறார். தவணை பலவகை.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது, மறைக்க விரும்பவில்லை. அதே உரிமையாளர் அடுத்தடுத்த டிராக் டேக்களுக்கு வருகிறார். வரும்போது புதுப் பிரேக் பேட், பந்தய பிரேக் ஆயில், இன்னொரு செட் டயர், நல்ல ஹெல்மெட், எல்லாமே கிரெடிட் கார்டில். தவணை கூடியிருக்கிறது. கோட்பாட்டின்படி அவர் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போகிறார்! நெடுநாள் சிந்தித்ததில் கிடைத்த விளக்கம்: நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற மனநிலை ஒரு கட்டத்தில் தோன்றி, இழுவிசை சட்டென்று அறுந்துபோகிறது. பெரும்பாலும் இரண்டாவது செட் டயரின் பில் வரும் வாரத்தில் இது நிகழ்கிறது. இதை முக்காடு நிலை என்கிறோம்.

முக்காடு நிலையின் அடுத்த படி எவரும் ஊகிக்கக் கூடியதே. உரிமையாளர் பழைய ஸ்விஃப்ட் ஒன்றைத் தடத்துக்கென்றே வாங்குகிறார். ரொக்கத்துக்கு, பேரம் பேசி. ஞாயிறுதோறும் அதில் போகிறார், முகம் தெளிந்து திரும்புகிறார். ஸ்போர்ட்ஸ் கார் போர்ட்டிகோவில் உறைக்குள் நிற்கிறது. பேட்டரி இறங்காமலிருக்க அவ்வப்போது ஸ்டார்ட் செய்து அணைக்கிறார்கள். அதன் தவணைகள் இன்னும் நிறைய மீதமிருக்கின்றன, பக்கத்துச் சுவரோ அரை அடி தூரத்தில். இந்நிலையில் அதன் வேகம் சுழியாக இருக்க வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறது. நேரில் போய்ப் பார்த்தோம், சரியாகவே இருக்கிறது.