பொருத்துக

பள்ளிக்கூடக் கேள்வித்தாளில் 'பொருத்துக' என்று ஒரு பகுதி வரும். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. ஒன்றும் படிக்காமல் வந்தவனும் இரண்டு மதிப்பெண் தேற்றட்டும் என்று இரக்கப்பட்டு வைத்தது. அதையே இப்போது ஏ.சி. போட்டு, மஞ்சள் விளக்கு கட்டி, கண்ணாடிச் சட்டம் மாட்டி நடத்துகிறார்கள். விஸ்காம் மாணவர்களின் இறுதியாண்டுப் புகைப்படக் கண்காட்சி. இடப்பக்கம் பன்னிரண்டு படங்கள். வலப்பக்கம் 'ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்'. பொருத்திப் பாருங்கள். பொருந்திவிட்டால் உங்களுக்கு ஜூரியில் நாற்காலி நிச்சயம்.

காசிமேட்டில் ஓர் அம்மா மீன் வெட்டுகிறார். அது முதல் படம். அடுத்தது அவர் கை. அடுத்தது கத்தி. அடுத்தது கத்தியின் நிழல். பிறகு ஒரு பூனை. பிறகு, ஏனோ, ஒற்றைச் செருப்பு. எல்லாம் கறுப்பு வெள்ளை. கலரில் எடுத்தால் வறுமைக்கு மரியாதை கிடைக்காது.

வாசகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இருத்தலுக்கும் இன்மைக்கும் இடைப்பட்ட விளிம்புவெளியில், உடல் என்னும் ஆவணக்காப்பகம் தன்னைத்தானே கேள்விக்குட்படுத்தும் தருணங்களை இத்தொடர் விசாரிக்கிறது."

விசாரிக்கிறதாம். அந்த அம்மாவின் பெயரை விசாரிக்கவில்லை. ஊரை விசாரிக்கவில்லை. கூடை மீனை என்ன விலைக்கு ஏலம் எடுத்தார், எவ்வளவு வட்டிக்குப் பணம் வாங்கினார், எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்தவர் அந்த அம்மாதான். விடியற்காலையில் அந்தப் பக்கம் போய் நின்றால் நீங்களும் கேட்கலாம். "இன்னா கண்ணு, எதுக்கு இத்தினி போட்டோ?" "ப்ராஜெக்ட்டுக்கு ஆன்ட்டி." "பேப்பர்ல வருமா?" "இல்ல ஆன்ட்டி, எக்ஸிபிஷன்." "அங்க வர்றவங்க மீனு வாங்குவாங்களா?" அந்தத் தொடரிலேயே அர்த்தமுள்ள கேள்வி அதுதான். ஸ்டேட்மென்ட்டில் அதற்கு இடமில்லை.

இந்த வாசகம் எப்படிப் பிறக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதலில் படம். படத்துக்குக் காரணம் வைவாவுக்கு முந்தின ராத்திரி. போன தலைமுறை சீனியரின் ஃபைலைத் திருடியது. இந்தத் தலைமுறை சாட்ஜிபிடியைக் கேட்கிறது. திருட்டு ஒழிந்தது, மற்றபடி மாற்றமில்லை. எழுதியவன் படித்துப் பார்க்கவில்லை. மார்க் போட்டவர் படித்துப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டிய பையன் மட்டும் படித்தான், எது மேல் பக்கம் என்று பார்ப்பதற்காக.

கடைசி வரியில் சூசன் சொன்டாக் கட்டாயம் வருவார். அவர் 1977-இல் 'ஆன் ஃபோட்டோகிராஃபி' நூலை வெளியிட்டபோது, அடுத்தவர் துன்பத்தைக் கேமராவில் சேகரித்துக்கொண்டு போகிறவர்கள்மீது அவருக்குக் கோபம் இருந்தது. அவர் பெயரைப் போட்டுக்கொண்டே நம் பிள்ளைகள் துன்பம் சேகரிக்கக் கிளம்புகிறார்கள்.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. இருபது வயதுக்கு இருத்தலும் தெரியாது, இன்மையும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் மார்க் உண்டு என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு மாதச் சம்பளம் உண்டு. இந்தப் பாஷையும் நம்மூர்ச் சரக்கு இல்லை. 2012-இல் அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்ற இரண்டு பேர், 'இ-ஃப்ளக்ஸ்' அனுப்பிவந்த கலைக் கண்காட்சி அறிவிப்புகளைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசினார்கள். 'டிரிபிள் கனோபி' இதழில் கட்டுரையும் எழுதினார்கள். கலைக்கூடங்கள் தங்களுக்குள் தனி ஆங்கிலம் ஒன்று வளர்த்து வைத்திருக்கின்றன என்பது அவர்களது முடிவு. வெளிநாட்டில் அது கேலிக்குரிய பொருளாகி வருடம் பல ஆயிற்று. நமக்கு அது இப்போதுதான் சிலபஸில் ஏறியிருக்கிறது. அங்கே கழித்துப் போட்டதை இங்கே கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

படத்துக்கும் வாசகத்துக்கும் பொருத்தம் பார்த்தால் என்ன ஆகும்? ஒருமுறை பார்த்தார்கள். 2015-இல் ஜோவன்னி ட்ரொய்லோ என்ற இத்தாலியருக்கு வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது கிடைத்தது. பெல்ஜியத்தின் ஷார்லரூவா நகரம் எப்படி இருண்டு கிடக்கிறது என்று காட்டும் தொடர். அந்நகர மேயருக்கு வயிறு எரிந்தது. என் ஊரை இப்படியா சித்திரிப்பது என்று கடிதம் போட்டார். கிளறிப் பார்த்தால், தொடரில் ஒரு படம் ஷார்லரூவாவிலேயே எடுத்ததில்லை. பிரஸ்ஸல்ஸில் எடுத்தது. விருதைப் பறித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெயர் ஒன்று பொய். அதற்கு இந்தத் தண்டனை. அந்தச் சட்டம் நம் கல்லூரிகளுக்கு வந்தால் பட்டமளிப்பு விழா நடத்த முடியாது. பட்டம் திரும்பப் பெறும் விழாதான் நடத்த வேண்டும்.

இன்னொரு கதை நம் நாட்டில் நடந்தது. 2018 ஜூலையில் வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் இன்ஸ்டாகிராமில் அலெஸ்ஸியோ மாமோ என்ற புகைப்படக்காரரின் தொடர் வெளியானது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம். ஏழைக் கிராமத்து ஜனங்கள் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே மேசை. மேசை நிறையப் பலகாரம். அத்தனையும் போலி, கேமராவோடு கூடவே வந்தவை. சாப்பிட ஆசைப்படுவதைக் கனவு காணச் சொன்னேன் என்று வாசகமும் எழுதியிருந்தார். உலகம் காறித் துப்பியது. மனிதர் மன்னிப்புக் கேட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தொடரில் படமும் வாசகமும் அச்சு அசலாகப் பொருந்தின. போலிச் சாப்பாட்டை வைத்தேன் என்றது வாசகம். வைத்தது படத்தில் தெரிந்தது. பொருந்தியதால்தான் மாட்டிக்கொண்டார். "நுகர்வின் வெறுமையையும் வேட்கையின் உருமாற்றத்தையும்" என்று நாலு வரி மழுப்பியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. இன்னொரு விருது வந்து சேர்ந்திருக்கும். நம் துறைத்தலைவர்கள் அந்தச் சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

மழுப்பலில் ஒரு சௌகரியம் உண்டு. அது தப்பாகவே முடியாது. டோரதியா லாங்கே 1936-இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் ஒரு தாயைப் படம் எடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம். பெயரைக் கேட்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் 1978-இல்தான் வெளியே வந்தது. சாப்பாட்டுக்காகக் காரின் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே சொன்னதையும் அந்தக் குடும்பம் மறுத்தது. சரி, தப்பு நடந்திருக்கிறது. ஆனால் டயர் என்று எழுதியதால்தானே டயர் இல்லை என்று ஒருவர் மறுக்க முடிந்தது? விளிம்புவெளியை யார் வந்து மறுப்பது? இன்மை எங்கள் வீட்டில் இல்லை என்று யார் பேட்டி கொடுப்பது? தப்பாவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும்.

இந்த மழுப்பல் அறியாமையால் மட்டும் வருவதில்லை. சொல்லிக்கொடுத்து வருகிறது. எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலியில் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கிளம்பி, பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் போய்ப் படிந்தது. மீனவர்கள் வாளியைக் கொண்டு அள்ளினார்கள். படகு கறுத்தது. வலை கறுத்தது. கூழைக்கடா கறுத்தது. கேமரா வைத்திருந்தவர்கள் எல்லாம் போனார்கள். போனது தப்பில்லை. போக வேண்டும்.

ஒரு மாணவி திரும்பி வந்து ஸ்டேட்மென்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆலை, எந்தக் கால்வாய், எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை, நிவாரணம் வந்ததா வரவில்லையா, எல்லாம் எழுதுகிறார். அழகாக எழுதவில்லை, நேராக எழுதுகிறார். வாங்கிப் பார்த்த பேராசிரியருக்கு வியர்க்கிறது. "இதென்னம்மா நியூஸ் மாதிரி இருக்கு? அரசியல் எல்லாம் வேண்டாம். கொஞ்சம் கான்செப்ச்சுவலா பண்ணு." ஆலையின் பெயர் போகிறது. கால்வாய் போகிறது. நிவாரணம் போகிறது. மிஞ்சுவது, "மனிதனும் இயற்கையும்: ஒரு கறுப்புக் கவிதை." சிறப்பு விருந்தினராக வரப்போகிறவர் எந்தக் கம்பெனிக்காரராக இருந்தாலும் இனி தர்மசங்கடம் இல்லை. எண்ணெய் தானாக வந்தது. தானாகக் கவிதையாயிற்று.

இன்னொரு சுவரில் இன்னொரு பிள்ளை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன். தமிழ் மீடியம். உப்பளத்தை எடுத்திருக்கிறான். வெயிலும் உப்பும் சேர்ந்து கண்ணைப் பறிக்கிற வெள்ளை. கீழே தமிழில் மூன்று வரி: "இது என் அம்மா. உப்பு வாருகிறார். கண்ணுக்குக் கண்ணாடி கொடுப்பதில்லை." படம் பொருந்துகிறது. வாசகம் பொருந்துகிறது. எடுத்தவனும் பொருந்துகிறான். ஜூரி என்ன சொல்லும்? "நல்ல படம் தம்பி. ஆனா கான்செப்ட் இல்லையே." அவனுக்கு ஆறுதல் பரிசு. ஒற்றைச் செருப்புக்கு முதல் பரிசு.

அம்மா என்பது கான்செப்ட் ஆகாது, ஐயா. கண் போவது கான்செப்ட் ஆகாது. மீன் விற்கும் தாயின் மகனான புகைப்படக்காரர் எம். பழனிகுமார் கேமராவைத் தன் அம்மாவின் பக்கமே திருப்பினார். மலம் அள்ளுவோரைப் பற்றி 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவாளர். மனிதன் மலத்தை அள்ளுவதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்தது. குழியில் இறந்தால் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் முப்பது லட்சம் என்றது. தொகை ஏறுகிறதே தவிர ஆள் இறங்குவது நிற்கவில்லை. பழனிகுமாரின் படங்களுக்குக் கீழே ஆளுக்குப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், வேலை இருக்கும். 2022-ஆம் ஆண்டுக்கான தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. விளிம்புவெளி இல்லாமலும் விருது கிடைக்கும் என்பதற்குச் சாட்சி நம் மாநிலத்திலேயே நடமாடுகிறது. துறையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

திறப்பு விழாவையும் பார்த்துவிடுவோம், பணம் அங்கேதான் போகிறது. குத்துவிளக்கு. மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மாணவி. சினிமா கேமராமேன் ஒருவர், அவருக்குப் பொன்னாடை, நினைவுப்பரிசு, அவர் ஏற்கெனவே பத்து வைத்திருக்கும் அதே கண்ணாடிக் கோப்பை. ஃபோம் போர்டில் பிரின்ட் போட்ட செலவு மாணவர் தலையில். அந்த மாணவரின் அப்பா லென்ஸுக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. மூன்றாம் நாள் படங்கள் ஸ்டோர் ரூமுக்குப் போகும். அழைப்பிதழ் யார் யாருக்கோ போனது. படத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. போயிருந்தால் வந்திருப்பார்கள், வாசல் செக்யூரிட்டி அவர்களை எந்தப் பக்கம் அனுப்பியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு தொடரை மட்டும் இதுவரை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. எடுக்கிறவர் குடியிருக்கும் அபார்ட்மென்ட். அதன் கீழ்த்தளம். "வீட்டு வேலை செய்பவர்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது" என்ற போர்டு. பஸ் செலவு இல்லை, பெரிய லென்ஸ் வேண்டாம். வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது. அங்கே மட்டும் எந்தக் கேமராவும் திரும்புவதில்லை. அதற்கு ஸ்டேட்மென்ட் எழுத வேண்டியிருக்காது. அசோசியேஷன் செயலாளரே கையெழுத்துப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு யோசனை. காசு செலவில்லாதது. ஸ்டேட்மென்ட் தாளில் நாலு கட்டம் போடுங்கள். படத்தில் இருப்பவர் யார். எந்த ஊர். அவரிடம் கேட்டீர்களா. படத்தை அவருக்குக் காட்டினீர்களா. நான்கையும் நிரப்பியவர் அதற்கு மேல் இருத்தலைப் பற்றி எழுதட்டும், இன்மையைப் பற்றி எழுதட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நிரப்பாதவருக்குப் பூஜ்யம். பூஜ்யத்தை மாணவர் பெயருக்கு நேராகப் போட வேண்டாம். வழிகாட்டிய பேராசிரியரின் பெயருக்கு நேராகப் போடுங்கள்.