பொத்தான் பல, பிடி ஏதுமில்லை

சிட்னி

அன்புள்ள மாமாவுக்கு,

குளிர் ஆரம்பித்துவிட்டது, அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் புலம்புகிறேன். இந்தக் கடிதம் முழுக்க ஓர் எந்திரத்தைப் பற்றியது. ஆயுசுக்கும் லேத்துப் பட்டறையில் நின்றவர் நீங்கள், அதனால் இதை உங்களுக்குத்தான் எழுதவேண்டும். லேத்தில் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் உளி நகரும், இன்னொன்றைத் தள்ளினால் வேகம் மாறும். ஒன்றுமே செய்யாத கைப்பிடியை எந்த மேஸ்திரியும் எந்திரத்தில் மாட்டமாட்டார் என்பது உங்கள் நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டியதோடு நில்லாமல் ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

முழுப்பெயர் போக்கர் மெஷின், ஊர்வாயில் போக்கி. போக்கர் சீட்டாட்டத்தோடு இதற்கு இப்போது உறவென்று பார்த்தால், உருளைகளில் ராஜா, ராணி, ஏஸ் சின்னங்கள் ஓடுவதோடு சரி. கையில் உள்ளதைப் போக்குவதால் போக்கி என்று தமிழிலேயே பெயர்க்காரணம் சொல்லிவிடலாம், பொருத்தமாகவும் இருக்கும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1956இல் பதிவுபெற்ற கிளப்புகளில் இதைச் சட்டபூர்வமாக்கியது. இன்று இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 80,000க்கு மேல் எந்திரங்கள் இருக்கின்றன. முன்னாள் படைவீரர்களின் ஆர்.எஸ்.எல். கிளப், ரக்பி கிளப், தெருமுனை மதுக்கடை எதற்குள் நுழைந்தாலும் சாப்பாட்டு மேசைகளைத் தாண்டி ஓர் அரையிருட்டு அறை இருக்கும். அந்த அறைக்கு வாசலில் 'வி.ஐ.பி. லவுஞ்ச்' என்று பலகை வைக்கும் வழக்கம் இருந்தது. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் அங்கே வி.ஐ.பி.தான். 2023 செப்டம்பரில் அந்தப் பலகைகளை அரசு எடுக்கச் சொல்லிவிட்டது. பலகைதான் போனது, அறை அப்படியே இருக்கிறது.

பொத்தான் பலகைக்கு வருகிறேன். இரண்டு வரிசை. ஒரு வரிசை, திரையில் எத்தனை கோடுகளுக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று கேட்கும்: 1, 5, 10, 25, 50 என்று எந்திரத்துக்கு எந்திரம் மாறும். இன்னொன்று, கோட்டுக்கு எத்தனை மடங்கு என்று கேட்கும். ஓரத்தில் 'கலெக்ட்', அதாவது மிச்சத்தைக் கொடு. பக்கத்தில் 'ரிசர்வ்', அதாவது கழிப்பறைக்குப் போய்வரும் வரை இந்த நாற்காலி என்னுடையது. பஸ் ஜன்னலில் துண்டு போடுவதற்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மின்சார வடிவம். ஏதாவது விழுந்தால் 'கேம்பிள்' என்ற பொத்தான் மினுக்கும்: கறுப்பா சிவப்பா சொல், சரியானால் இரட்டிப்பு. தலைமேல் 'ஒரு சென்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒரு சென்ட்டில் என்ன போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 50 கோடு, கோட்டுக்கு 10 மடங்கு என்று அழுத்திப் பாருங்கள், 500 சென்ட். ஒரு சென்ட் எந்திரம் ஒரே அழுத்தலில் ஐந்து டாலரை வாங்கிக்கொண்டது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் ஓர் அழுத்தலுக்கு உச்சவரம்பு அந்த ஐந்து டாலர். இங்கே பத்து.

இத்தனை பொத்தான்களில் எதுவும் உருளைகள் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தொடுவதில்லை. உள்ளே ஒரு சில்லு ஓயாமல் எண்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அழுத்திய கணத்தில் எந்த எண் வந்ததோ அதுவே தீர்ப்பு. அதற்குப் பிறகு உருளை சுற்றுவதெல்லாம் தீர்ப்பு எழுதி முடித்தபின் நடக்கும் வாய்தா. சுற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொரு தடவை அழுத்தினால் பல எந்திரங்களில் உருளை சட்டென்று நிற்கும். நான் நிறுத்தினேன் என்று தோன்றும். நின்றது படம் மட்டும்தான், கூடவே அடுத்த பந்தயத்துக்கான நேரம் ஓரிரு விநாடி முன்னால் வந்துவிட்டது. நீங்கள் விடமாட்டீர்கள், கேட்பீர்கள்: அழுத்திய கணத்தைப் பொறுத்து எண் மாறும் என்றால், அரை நொடி முன்னால் அழுத்தியிருந்தால் பரிசு விழுந்திருக்கலாமே, அது கட்டுப்பாடு இல்லையா? மாறியிருக்கும், உண்மைதான். ஆனால் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கில் ஓடும் எண்களில் உங்கள் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. டவுன் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் தள்ளி ஏறினால் வேறு நம்பர் டிக்கெட் கிடைக்கும் என்பதற்காக டிக்கெட் நம்பரை நாம் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதில்லை அல்லவா?

அப்படியானால் ஏன் வைத்தார்கள்? இந்த எந்திரத்தின் வம்சாவளியே பதில் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த 'லிபர்டி பெல்' எந்திரத்துக்குப் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கை இருந்தது. அதை இழுத்தால்தான் ஸ்பிரிங் இறுகி உருளை சுற்றும். உங்கள் பட்டறை நியாயப்படி அது உழைத்த கை. 1960களின் தொடக்கத்தில் பாலி நிறுவனம் 'மணி ஹனி' என்ற மின் எந்திரத்தைக் கொண்டுவந்தது. மோட்டார் வந்தபின் கைக்கு வேலை போய்விட்டது, கை மட்டும் போகவில்லை. வேலை இல்லாத கையை ஆட்டக்காரரின் திருப்திக்காக விட்டுவைத்தார்கள். இன்றைய பொத்தான்கள் அந்தக் கையின் பேரன்கள். 1975இல் எலன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், எல்லாம் தன் கையில் இருப்பதாகத் தோன்றும் இந்த எண்ணத்துக்குக் 'கட்டுப்பாட்டு மயக்கம்' என்று பெயர் வைத்தார். ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலரைத் தாங்களே எடுத்துக்கொள்ளச் சொன்னார், சிலர் கையில் சும்மா கொடுத்தார். பிறகு திருப்பிக் கேட்டபோது, கொடுக்கப்பட்டவர்கள் சொன்ன விலை சராசரியாக 1.96 டாலர். தாங்களே எடுத்தவர்கள் சொன்னது 8.67. சீட்டு ஒன்றுதான், குலுக்கலும் ஒன்றுதான். நம் ஊரில் 2003இல் லாட்டரியை ஒழிக்கும் வரைக்கும் கடைமுன் நின்று 'கடைசி நம்பர் ஏழு இருக்கா' என்று சீட்டுக்கட்டைக் குடைந்தவர்களுக்கு லாங்கர் அம்மையார் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை.

பொத்தானுக்குத் துணையாகப் பாட்டு இருக்கிறது. ஐம்பது கோடுகளில் ஒரு டாலர் கட்டுகிறீர்கள், ஏதோ ஒரு கோட்டில் முப்பது சென்ட் விழுகிறது. கணக்குப்பிள்ளை இதை எழுபது சென்ட் நஷ்டம் என்று எழுதுவார். எந்திரமோ மங்கள வாத்தியம் வாசித்து, விளக்கைச் சுழற்றி, முப்பது என்ற எண்ணை மெல்ல மெல்ல ஏற்றிக் காட்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2010இல் ஆடுகிறவர்களின் தோலில் வியர்வைக் கசிவை அளந்து பார்த்தார்கள். வென்றபோது உடம்பு எப்படித் துள்ளியதோ, இந்த வேஷம் போட்ட தோல்விக்கும் ஏறக்குறைய அப்படியே துள்ளியது. கோட்டுப் பொத்தானின் உண்மையான வேலை இங்கேதான் தெரிகிறது. கோடுகள் கூடக் கூட இப்படிச் சில்லறை விழும் தடவைகள் கூடும். நூற்றுக்கு இத்தனை என்று எந்திரம் எடுத்துக்கொள்ளும் பங்கு மட்டும் குறையாது.

பொத்தான் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வீடியோ போக்கரில் எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது என்ற பொத்தான் உண்மையிலேயே கணக்கை மாற்றும். தப்பாக வைத்தால் கூடுதலாகத் தோற்பீர்கள். ஜப்பானின் பாச்சிஸ்லோ எந்திரத்தில் மூன்று நிறுத்தும் பொத்தான்களுக்கும் ஓரளவு வேலை உண்டு, ஆனால் நீங்கள் அழுத்திய இடத்திலிருந்து நாலு சின்னம் வரை நழுவி நிற்க எந்திரத்துக்கும் உரிமை உண்டு. நம் போக்கியிலேயே அந்தக் கறுப்பு-சிவப்புப் பொத்தான் கணக்குப்படி நியாயமானது, பாதிக்குப் பாதி. முழுப் பலகையிலும் ஆளை ஏமாற்றாத பந்தயம் அது ஒன்றுதான். அதிலும் முன்னால் விட்டது திரும்பி வராது, அவ்வளவுதான். ஆகவே வாதம் இதுதான்: ஆடுகிறவர் கையில் கொடுத்திருப்பவை எல்லாம் எவ்வளவு, எத்தனை வேகமாக என்ற கேள்விகளுக்கான பொத்தான்கள். ஜெயிப்பா தோல்வியா என்ற கேள்விக்கு அந்தப் பலகையில் பொத்தானே கிடையாது.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, எந்திரம் எதையும் மறைக்கவில்லையே, நூற்றுக்கு இத்தனை திருப்பித் தரும் என்று திரையிலேயே தகவல் இருக்கிறதே, வளர்ந்த மனிதர்கள் யோசித்து ஆடட்டுமே என்பது. இருக்கிறது, மாமா. இங்கே விதிப்படி குறைந்தது 85 சதவீதம், விக்டோரியாவில் 87. நூறு டாலரோடு போனவர் தொண்ணூறோடு வருவார் போலிருக்கிறது என்றுதான் அதைப் படிக்கிறவர் நினைப்பார். ஆனால் அந்தச் சதவீதம் கொண்டுபோன பணத்துக்கு அல்ல, ஒவ்வோர் அழுத்தலுக்கும். தொண்ணூறு சதவீத எந்திரம் என்றே வையுங்கள். அழுத்தலுக்கு ஒரு டாலர், மூன்று விநாடிக்கு ஓர் அழுத்தல். சராசரியாகப் பத்து சென்ட் போகிறது. நூறு டாலர் ஆயிரம் அழுத்தலில், அதாவது ஐம்பது நிமிடத்தில் காலி. பத்து டாலர் பொத்தானில் அதே நூறு ஐந்து நிமிடத்துக்குத்தான் காணும். தகவல் பொய்யில்லை, அதைப் படித்து இந்தக் கணக்குக்கு வர பென்சிலும் வெளிச்சமும் வேண்டும், அந்த அறையில் இரண்டும் கிடையாது. யோசித்து ஆடுவோர் தோற்பது பெரிய தொகையுமில்லை. நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் தந்த அறிக்கை, எந்திரங்களில் போகும் பணத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் சூதுக்கு அடிமைப்பட்டவர்களின் பணம் என்று மதிப்பிட்டது. ஒரு மணி நேரத்தில் 1,500 டாலர் இழப்பது எளிது என்றும் சொன்னது. கிளப் லாபத்தில் பிள்ளைகளுக்கு ஜெர்சி வாங்கித் தருகிறோம் என்பார்கள். வாங்கித் தருகிறார்கள்தான். ஜெர்சிக்கு உண்டியல் வைக்கலாம், இந்த வழி எதற்கு?

உண்மையான கைப்பிடிகள் இருக்கவே செய்கின்றன. அவை எந்திரத்தின் முகத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கின்றன. திருகினால் உளி நகர்வதுபோல் அவை நகரும். பிரிட்டன் 2019 ஏப்ரலில் பந்தயக் கடை எந்திரங்களின் உச்சவரம்பை 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாக இறக்கியது. 2021 அக்டோபர் கடைசியிலிருந்து இணையவழி ஸ்லாட்டுகளில் இரண்டரை விநாடிக்குக் குறைந்த சுற்று கூடாது, தானாக ஓடும் வசதி கூடாது, தோல்விக்குப் பாட்டு கூடாது, முடிவை நீங்களே நடத்துவதுபோல் மயக்கம் தரும் அம்சங்களும் கூடாது என்று அங்கே தடை வந்தது. இதுவரை நான் எழுதியதையெல்லாம் ஓர் அரசு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட மாதிரி. நார்வே 2007இல் எந்திரங்களையே வாரி எடுத்துவிட்டு, பிறகு அட்டையும் இழப்பு வரம்பும் கொண்ட அரசு எந்திரங்களை வைத்தது. இங்கேயே மேற்கு ஆஸ்திரேலியா மதுக்கடைகளுக்கும் கிளப்புகளுக்கும் போக்கியை விட்டதே இல்லை. பெர்த்தில் ஒரு காசினோவோடு சரி. அங்கே ஜனங்கள் பொழுதுபோக்கு இல்லாமல் வாடியதாகத் தெரியவில்லை.

மற்ற இடங்களில் கைப்பிடியைத் தொடப்போனால் அரசியல் ஷாக் அடிக்கிறது. எவ்வளவு இழக்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு குறித்துக்கொள்ளும் முறையைக் கட்டாயமாக்குவதாக 2010இல் பிரதமர் ஜூலியா கில்லார்ட், சுயேச்சை உறுப்பினர் ஆண்ட்ரூ வில்கிக்கு வாக்குக் கொடுத்துத்தான் ஆட்சிக்கு ஆதரவு பெற்றார். கிளப்புகள் பெரிய பிரசாரம் நடத்தின. 2012 ஜனவரியில் அவர் வாக்கைக் கைவிட்டார், வில்கி ஆதரவை விலக்கிக்கொண்டார். நியூ சவுத் வேல்ஸில் 2023 ஜூலை முதல், புதிய எந்திரத்துக்குள் ஒரே சமயத்தில் 5,000 டாலர் போட முடிந்தது 500 ஆகக் குறைந்திருக்கிறது. பழையவற்றுக்கு அது பொருந்தாது. 2010 அறிக்கை இன்னொன்றும் சொல்லியிருந்தது: ஓர் அழுத்தலுக்கு உச்சவரம்பு ஒரு டாலர். இந்த மாநிலத்தில் அது இன்னும் பத்து டாலர்தான்.



அன்புடன்,
உங்கள் மருமகன்