நாற்காலி போட்டால் முகாம்

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

"வீட்டில் கரண்ட் இருக்கும்போது வண்டிக்குள் போய் எதுக்குடா பல்பு மாத்தறே?" என்று போனில் கேட்டீர்கள். மின்வாரியத்தில் காலம் தள்ளியவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியுமா? அதனால்தான் கடிதம்.

எல்லாம் நாற்காலியால் வந்த வினை. இந்த ஊரில் பொது நிறுத்துமிடத்தில் கேம்பர் வண்டியை நிறுத்தி ஓர் இரவு தூங்கலாம். ஓட்டுகிறவன் களைப்புத் தீர வேண்டுமாம், சட்டத்துக்கு அவ்வளவு கருணை. ஆனால் ஒரு மடக்கு நாற்காலியை வெளியே போட்டால் போச்சு! அது தூக்கமில்லை, முகாம். மேசை போட்டால் முகாம். வெயில் மறைப்பை இழுத்தால் முகாம். படிக்கட்டில் உட்கார்ந்தால்? விசாரித்தேன், ஆளுக்கொரு பதில். காலி நாற்காலியைப் போட்டு, "களைப்பு அதற்குத்தான்" என்று வாதாடலாமா என யோசித்தேன். கமலி சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

ஆக, சாயங்காலம் முழுக்க நாலு பேரும் வண்டிக்குள்தான். தலைக்கு மேல் ஆறு ஹாலஜன், ஒவ்வொன்றும் 10 வாட். நீங்கள் மனக்கணக்காகவே போட்டிருப்பீர்கள்: 60 வாட், 12 வோல்ட், 5 ஆம்பியர். பாட்டரியோ 95 ஆம்பியர்-மணி, ஆசிட் வகை. பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். தண்ணீர் பம்பும் ஹீட்டர் விசிறியும் அதிலிருந்தே உறிஞ்சுகின்றன. போதாததற்கு அந்த பல்பின் சூடு! தலையில் முடி இருந்தவரை எனக்கு உறைக்கவில்லை.

இப்போது ஆறும் எல்.இ.டி., ஒன்று 2 வாட். மொத்தமே 1 ஆம்பியர். பாட்டரிக்கு 12 என்பது பெயர்தான். சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். மலிவு பல்பு அதில் சீக்கிரம் மண்டையைப் போடும் என்பதால், 10 முதல் 30 வோல்ட் வரை தாங்குவதாகப் பார்த்து வாங்கினேன். சிலது பிளஸ் மைனஸ் பார்க்கும். எரியாவிட்டால் திருப்பிச் செருக வேண்டும். நீங்கள் பெட்டியில் வைத்து அனுப்பிய டெஸ்டர் 12 வோல்ட்டுக்குக் கண்ணே திறக்கவில்லை, மாமா. ஆனாலும் திருகாணி அத்தனையும் கழற்றியது அதுதான்.

சண்டை வந்தது நிறத்தில். இந்த ஊர்க்காரர்களுக்கு 2700 கெல்வின் மஞ்சள்தான் பிடிக்கும், கமலியும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டாள். அரிசியில் கல் தெரிய வேண்டாமா? அடுப்புக்கு மேலே மட்டும் 6500 போட்டேன், பளிச்சென்று. அன்றைக்கு ராத்திரியே பக்கத்து வண்டிக்காரர் வந்து கதவைத் தட்டினார். யாருக்காவது அடிபட்டுவிட்டதா, டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார். இந்த நாட்டில் அக்கம்பக்கத்தார் தானாக வந்து நம் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. விடுவோமா? உட்காரவைத்து தோசை போட்டோம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கண் கூசுகிறது என்று குறை சொல்லிவிட்டுத்தான் போனார். இப்படி ஆள் வருமென்றால் ஆறையும் வெள்ளையாக்க நான் தயார்.

ஒரு கோளாறு மிச்சம். விளக்கைப் போட்டால் ரேடியோ கரகரக்கிறது. ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் சரியாகும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பல்பு விலையைச் சொன்னால் அத்தை மயங்கி விழுவாள். ரிச்சி தெருப் பக்கம் போனால் இரண்டு பின் வைத்த ஜி4 என்ன விலை என்று கேட்டு வையுங்கள். யாராவது இங்கே வந்தால் அவர்கள் பெட்டியில் மாவடு போக மிச்சமிருக்கும் இடத்தில் கொடுத்தனுப்புங்கள். வெள்ளையாகவே வாங்குங்கள்.

உங்கள் மருமகன்,
ரகு