டிஸ்க்கைக் காணோம்!

கேள்வி: நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டரில் இன்று ஹார்டு டிஸ்க்கையே காணோம். மகள் கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது! தம்பியை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் டிஸ்க்கில் இரண்டு சாட்டா கேபிள்கள் தெரியும். அகலமானது மின்சாரத்துக்கு, 15 பின். குறுகலானது டேட்டாவுக்கு, 7 பின். இந்தக் குட்டிக் கேபிள் லேசாக நெகிழ்ந்தாலே டிஸ்க் தலைமறைவாகிவிடும். இரண்டையும் கழற்றி, அழுத்திச் செருகுங்கள். வேறு கேபிள், வேறு போர்ட்டும் மாற்றிப் பாருங்கள்.

பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்து, பயாஸ் என்னும் தொடக்க அமைப்புத் திரையைப் பாருங்கள். அதில் டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் பாதி நிம்மதி. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவ் எழுத்து மட்டும் விடுபட்டிருக்கலாம், கொடுத்தால் வந்துவிடும். 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்டால் மட்டும் தலையாட்டாதீர்கள்.

'டிக், டிக்' என்று விடாமல் தட்டுகிறதா? உடனே அணையுங்கள். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதப்பது ஹெட். அது பழுதானால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டு சுரண்டப்படலாம். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், ஈரம் படியும். டேட்டா மீட்பவரிடம் நேராகக் கொண்டுபோங்கள்.

போட்டோக்கள் கிடைத்த அன்றே, வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.