தெருவுக்கு ஒரு நேரக்கணக்கு இருந்தது

தியாகராய நகரில் நான் வளர்ந்த தெருவில் 1970-களில் இரண்டே கார்கள். டாக்டர் வீட்டு ஃபியட் ஒன்று, வக்கீல் வீட்டு அம்பாசடர் ஒன்று. பொழுது சாய்ந்தால் இரண்டும் காம்பவுண்டுக்குள் போய்விடும். மற்றவர்களுக்கு சைக்கிள், பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

கார் இல்லை என்பதால் தெரு சும்மா கிடந்ததாக நினைத்துவிடக் கூடாது. விடியுமுன் பால்காரர் சைக்கிள். ஏழு மணிக்குக் கீரைக்காரம்மா. எட்டுக்கு இஸ்திரி வண்டி தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்துவிடும். கரி கனிந்து பெட்டி சூடேறும் வரை இஸ்திரிக்காரர் துணிகளுக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அடுக்கிவைப்பார். நாலு மணிக்குமேல் தெரு எங்களுடையது. செங்கல்தான் ஸ்டம்ப். அந்த நேரத்தில் டாக்டரின் ஃபியட் முனையில் திரும்பினால் “கார், கார்” என்று ஒரு குரல் எழும், செங்கல் ஓரத்துக்குப் போகும், வண்டி கடந்ததும் அதே இடத்துக்குத் திரும்பும். டாக்டர் ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொள்வார்கள். யாருக்கு எந்த நேரம் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

1920-களில் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் திட்டமிட்ட பேட்டை இது. தனித்தனி வீடுகளை மனதில் வைத்துப் போட்ட உள்தெருக்கள். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதே சமயத்தில் ஒரு கிரவுண்டில் ஒரு குடும்பம் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, எட்டு ஃப்ளாட், பத்து ஃப்ளாட் என்று எழுந்தன. ஆரம்ப காலத்து அடுக்குமாடிகளில் பலவற்றில் நாலைந்து ஸ்கூட்டர் நிறுத்தத்தான் இடம் விட்டார்கள். பிறகு பாண்டி பஜாரும் உஸ்மான் சாலையும் பெருகி உள்ளே வழிந்தன. எங்கள் தெருவிலேயே தரைத்தளங்களில் தையல் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், ஜவுளிக் கடையின் கிடங்கு, டியூஷன் சென்டர் எல்லாம் வந்தன. நல்லதுதான்; என் அம்மா ரத்தம் கொடுக்க நாலு எட்டு நடந்தால் போதும். வீடும் கடையும் கலந்த பேட்டைகளைத்தான் எனக்கு இன்றும் பிடிக்கும்.

இன்று தெருவில் விதிகளுக்குக் குறைவில்லை. கேட்டுக்குக் கேட்டு “நோ பார்க்கிங்”. அதன் கீழே “மீறினால் காற்று பிடுங்கப்படும்”. இதில் எதையும் போக்குவரத்துக் காவல்துறை வைக்கவில்லை. அவரவர் பெயின்டரிடம் எழுதி வாங்கி மாட்டியவை. பலகை போதாதென்று பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கொட்டி, நடுவில் இரும்புக் குழாயை நட்டு வீட்டு முன்னால் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் துளசித் தொட்டியைச் சங்கிலி போட்டுக் கேட்டோடு பூட்டியிருக்கிறார்கள். அடுத்த வீட்டில் கார் ஏறுவதற்கான சிமென்ட் சரிவு நடைபாதையைத் தின்றுவிட்டு ரோட்டில் வந்து முடிகிறது. பொதுத் தெருவில் இரண்டு கஜம் தன்னுடையது என்று எல்லோரும் நம்புகிறார்கள். விதியே இல்லாத காலத்தில் பங்கிட்டுக்கொண்ட தெரு இது. இத்தனை பலகைக்குப் பிறகு பங்கு என்ற பேச்சே இல்லை. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 24 அடித் தெரு. ஒரு பக்கம் கார் வரிசைக்கு 6 அடி போகிறது. மறுபக்கம் குறுக்காக நிற்கும் பைக்குகளுக்கு 7 அடி. மிச்சம் 11 அடியில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். சென்ற வருடம் எதிர்வீட்டு மாமாவுக்கு மார்வலி வந்தபோது ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்று வழியை அடைத்து நின்ற காரின் சொந்தக்காரர் புடவை வாங்க வந்தவர். அவரைத் திட்டி என்ன பயன்? அவருக்கு நிறுத்த வேறு இடம் யார் காட்டினார்கள்?

2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அகலமான நடைபாதையில் குழந்தைகளும் கிழவிகளும் நிம்மதியாக நடப்பதைப் பார்த்து நான் மகிழ்ந்தவன்; இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தமும் எழுந்தது. ஆனால் அங்கே போனால் காசு. எங்கள் தெருவில் நின்றால் காசில்லை. பெரிய சாலையில் கட்டணம், உள்தெருவில் இலவசம் என்று வைத்தால் வண்டிகள் எங்கே வரும்? வந்தன. இலவச நிறுத்தத்துக்கு ஊர் கொடுக்கும் விலையைப் பற்றி 2005-இல் பெரிய புத்தகமே எழுதினார் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். தெருவின் ஒவ்வொரு துண்டிலும் ஓரிரண்டு இடமாவது எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வையுங்கள், வசூலான பணத்தை அந்தத் தெருவுக்கே செலவிடுங்கள் என்பது அவர் கட்சி. கலிஃபோர்னியாவில் பழைய பாசடீனா பகுதியில் 1993-இல் மீட்டர் வைத்து, வந்த பணத்தை அங்குள்ள நடைபாதைகளுக்கே செலவழித்தார்கள். தளர்ந்து கிடந்த கடைத்தெரு எழுந்து நின்றது. ஜப்பானில் 1962-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: நிறுத்த இடம் உண்டென்று காட்டினால்தான் கார். நம் ஊரில் காரை வாங்கிவிட்டுத்தான் இடம் தேடுகிறோம்.

ஆனால் எங்கள் தெருவில் இடம் இல்லை என்று நான் ஒப்பமாட்டேன். இடம் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. காலை பத்துக்குமேல் புது ஃப்ளாட்டுகளின் தூண்தளத்தைப் பாருங்கள்: ஆபீசுக்குப் போனவர்களின் இடங்கள் வெறுமனே கிடக்க, வெளியே கடைக்கு வந்தவர்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இரவு பத்துக்குமேல் கடைகளின் அடித்தளம் காலி. பழைய ஃப்ளாட்காரர்களின் கார்கள் தெருவில் இரண்டு பக்கமும். ஒருவருக்கு வேண்டிய நேரம் மற்றவருக்கு வேண்டாத நேரம். கிடங்கு வைத்திருக்கும் கடைக்காரரிடம் கேட்டேன். “ராத்திரி பத்துல இருந்து காலைல எட்டு வரைக்கும் விடலாம் சார். வாட்ச்மேன் சம்பளத்துல பாதி கொடுங்க, எட்டரைக்கு ஒரு வண்டி நிக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றார். குடியிருப்போர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். வெளியாள் உள்ளே வந்தால் பாதுகாப்பு என்னாவது என்று ஒருவர் கேட்டார். நாம்தானே அங்கே வெளியாள், சாவி அவரிடம்தானே இருக்கும் என்றேன். இரவு ஏற்பாட்டை முதலில் பார்க்கலாம், பகலைப் பிறகு பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது.

இதற்கிடையில் மரத்தடிப் பிரச்சினை. பழைய இஸ்திரிக்காரரின் மகன் போன வாரம் வந்தார். அவர் அப்பா என்னைத் தம்பி என்பார். இவர் சார் என்கிறார்.

“சார், மரத்தடியில யாரோ கவர் போட்டு ஒரு காரை நிறுத்திட்டுப் போயிட்டாங்க. யார் வண்டின்னே தெரியல. நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு எங்க போறது? வெயில்ல நின்னு தேய்க்க முடியுமா?”

அந்தக் கார் படுத்திருக்கும் இடம் ஏறக்குறைய 130 சதுர அடி. ஒரு குடும்பத்தின் சோறு அந்த நிழலில்தான் இருக்கிறது, அவர்கள் அங்கே இருப்பது காருக்கு வெகு முன்னாலிருந்து. மாநகராட்சிக்கு எழுதும் மனுவில் எங்கள் சங்கம் கார்களுக்கு எத்தனை கட்டம், கட்டணம் எவ்வளவு, சரக்கு இறக்க எந்த நேரம் என்றெல்லாம் கேட்கப்போகிறது. முதல் வரியாக இதை எழுதச் சொல்லியிருக்கிறேன்: மரத்தடியில் இஸ்திரி வண்டிக்கும் கீரைக் கூடைக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கார்களுக்கு அளக்கத் தொடங்குங்கள்.