பட்டாளத்துத் தாத்தாவின் மெடலைப் பைசல் செய்வது எப்படி?

வேப்பம்பட்டில் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டுகிறீர்களா? அப்படியானால் பரணிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி இறங்கியிருக்கும். உள்ளே ஆறு முனை நட்சத்திரம் ஒன்று, வட்ட மெடல் இரண்டு, பூச்சி அரித்த ரிப்பன், மடித்து வைத்த காகிதங்கள். பதற வேண்டாம். கீழே சொன்னபடி செய்தால், இப்படி ஒரு தாத்தா இருந்தார் என்பதற்கே தடயம் இருக்காது.

1. காகிதத்தில் தொடங்குங்கள். யாருடையது, எந்தப் போர் என்பதற்கு மேல் மெடல் அதிகம் சொல்லாது. எப்போது சேர்ந்தார், எப்போது வெளியே வந்தார் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் இருக்கும். அதனால் ஆபத்து அதில்தான். எரிக்கப் போகி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

2. பளபளவென்று தேயுங்கள். இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். நம் ஆட்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயர் உண்டு: வட்ட மெடலுக்கு விளிம்பில், நட்சத்திரத்துக்கு முதுகில். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பொடி ஆங்கில எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு தெரியும். புளியும் சாம்பலும் போட்டு அந்த இடத்தையே நன்றாகத் தேயுங்கள். குறிப்பாக எண்ணை விட்டுவிடாதீர்கள். பட்டாளம் முழுக்க முனுசாமிகள். அந்தக் கால கிளார்க் எழுதிய ஸ்பெல்லிங்கில் தாத்தாவைப் பாட்டிக்கே அடையாளம் தெரியாது. ஆளைத் தனியாகக் காட்டிக்கொடுப்பது படைப்பிரிவோடு சேர்ந்த எண்தான்.

3. கதையை ஏற்றுங்கள். மெடலின் பின்புறம் இந்திய வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். போர்முனைக்குப் போகாமல் இந்தியாவிலேயே மூன்று வருடம் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்தது. அதைக் காட்டி, தாத்தா இம்பாலில் ஜப்பான்காரன் கழுத்தைப் பிடித்ததாகச் சொல்லுங்கள். பர்மா ஸ்டார் கிடைத்திருந்தால் நேதாஜியே கையால் குத்திவிட்டார் என்று சொல்லுங்கள். நேதாஜி படையை எதிர்த்து நின்ற தரப்பு கொடுத்த நட்சத்திரம் அது என்று யாராவது ஆரம்பித்தால் காபி கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

உண்மைக் கதையை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி அகற்றப் போனார். பின்னால் வந்தவர் ஒன்றை மிதித்துவிட்டார். ஒதுங்கச் சில விநாடிகள் இருந்தன. சுப்பிரமணியன் ஒதுங்காமல் வெடியின் மேலேயே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அதற்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கிடைத்தது. இந்தக் கதைக்கு முன்னால் நம் இம்பால் கதை நிற்காது.

4. தப்பான இடத்தில் தேடுங்கள். வேப்பம்பட்டு இருக்கும் திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் வந்தது. பட்டாள ஏட்டில் இருப்பது செங்கல்பட்டு. எனவே திருவள்ளூர் என்றே தேடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இருப்பவர்கள் போரில் இறந்தவர்கள். 1982-ல் வீட்டுத் திண்ணையில் காலமான தாத்தாவை அங்கே தேடுங்கள். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வீரப் பதக்கங்கள் வரும், போரில் இருந்ததற்கான மெடல்கள் வராது. பர்மா ஸ்டாரை அதில் தேடுங்கள். பெங்களூரு மதராஸ் சாப்பர்ஸுக்கோ வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்ட்டுக்கோ வாரிசு என்ற முறையில் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிவிடாதீர்கள். பதில் வந்து தொலைத்தால் என்ன செய்வது?

5. பாகம் பிரியுங்கள். ஒருவருக்குக் கிடைத்த எல்லா மெடலும் சேர்ந்து இருந்தால்தான் அவர் எங்கெங்கே போனார் என்று படிக்க முடியும். அண்ணனுக்கு நட்சத்திரம், தம்பிக்கு வட்டம், மாப்பிள்ளைக்கு ரிப்பன் என்று கொடுத்தால் மனஸ்தாபமும் வராது, ஆராய்ச்சியும் நடக்காது.

6. எடைக்குப் போடுங்கள். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடல் பெரும்பாலும் வெள்ளி. 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது உலகெங்கும் ஏராளமாக உருகிப்போனது. முன்னோடிகள் உண்டு, கூச்சம் வேண்டாம். இரண்டாம் போர் நட்சத்திரம் செம்பும் துத்தநாகமும் கலந்தது. காயலான் கடைக்காரர் பித்தளைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். இரும்புப் பெட்டி கும்மிடிப்பூண்டி உலைக்குப் போகட்டும்.

எச்சரிக்கை: இவ்வளவு செய்தும், மெடலைக் காயலான் கடையிலிருந்து மீட்ட யாரோ ஒருவர் தேயாமல் தப்பிய நாலு எழுத்தை வைத்து உங்கள் வீட்டைக் கண்டுபிடித்து போன் செய்யலாம். தாத்தா எந்தெந்த ஊரில் இருந்தார், எப்போது நாயக் பதவிக்கு உயர்ந்தார் என்றெல்லாம் அவர் மூச்சுவிடாமல் சொல்வார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப அது என்ன விலைக்குப் போகும் சார்?" என்று கேளுங்கள். அப்புறம் கூப்பிட மாட்டார்.