நகைச்சுவைக்கு ஒரு சல்லடை வேண்டி

பெறுநர்: ஸ்பைசஸ் போர்டு, ஏலக்காய் மின்னணு ஏல மையம், போடிநாயக்கனூர்.

மனுதாரர்: கம்பத்தில் குடியிருக்கும் ஒருவர்.

எட்டு எம்.எம். காய்க்கு ஒரு விலை, ஏழு எம்.எம். காய்க்கு ஒரு விலை, வெடித்தது தனி என்று பிரித்துப்போட போடியைவிட்டால் ஆளில்லை என்பது மனுதாரரின் நம்பிக்கை. அதனால்தான் இந்த மனு சென்சார் போர்டுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறது. பலாத்காரத்தை வைத்து அடிக்கும் ஜோக்குகளையும் இதேபோல் சலித்துத் தர முடியுமா?

முதல் மாதிரி, 2023 நவம்பர். ‘லியோ’வில் நடித்த மன்சூர் அலிகான், பழைய படங்களில் கிடைத்த பலாத்காரக் காட்சி த்ரிஷாவோடும் கிடைக்கும் என்று நினைத்ததாகவும், காஷ்மீர் படப்பிடிப்பில் அவரைக் கண்ணிலேயே காட்டவில்லை என்றும் சலித்துக்கொண்ட வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றியது. த்ரிஷா கண்டித்தார். தேசிய மகளிர் ஆணையம் தலையிட, ஆயிரம் விளக்கு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. தமாஷாகச் சொன்ன ஆதங்கம் என்றவர், பிறகு மன்னிப்பும் கேட்டார். கதை அதோடு முடிந்திருந்தால் இந்த மனுவுக்கே வேலையில்லை. மானம் போனது தமக்குத்தான் என்று, தம்மைக் கண்டித்த த்ரிஷா, குஷ்பு, சிரஞ்சீவி மூவர்மீதும் வழக்குத் தொடரக் கிளம்பினார். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, ஒரு லட்சம் ரூபாயை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குக் கட்டச் சொன்னது. மனுதாரர் அறிந்தவரை ஒரு ஜோக் போன உச்ச விலை இதுதான்.

இரண்டாவது, பழைய சரக்கு. 2019 பிப்ரவரியில் பொள்ளாச்சிப் பெண் ஒருவர் துணிந்து பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். அவர் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியே சொல்லிவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு சினிமா மேடையில், நம் அல்லிநகரத்து பாரதிராஜாவிடம் தொழில் கற்ற கே. பாக்யராஜ், அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது, ஊசி இடம் கொடுத்தால்தான் நூல் நுழையும் என்று பழமொழியை எடுத்துவிட்டார். அரங்கில் கைதட்டல். அந்தக் கைதட்டல் யூடியூபில் வீட்டுக்குள்ளும் கேட்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கிற பெண்ணின் வாயைத் தைக்க வேறு ஊசி வேண்டாம்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் அந்த வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. ஊசிக்குத் தண்டனை இல்லை.

மூன்றாவது மாதிரி உங்கள் ஊரிலேயே கிடைக்கும். டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் செல்லை நீட்டுகிறான். பத்து செகண்ட் வீடியோ, ஆறு பேர் சிரிப்பு. பக்கத்து பெஞ்சில், காய் பொறுக்கிவிட்டு வந்த நான்கு பெண்கள். மூவர் குனிந்து டீயை ஊதுகிறார்கள். நான்காமவர் பாதி கிளாஸை வைத்துவிட்டு குடோனுக்குள் போய்விடுகிறார். யாரும் எதுவும் கேட்காதபோதே பையன் சொல்கிறான்: “சும்மா தமாசுக்குக்கா.”

அந்தப் பாதி கிளாஸ் எத்தனை எம்.எம். என்று வாரியம் அளந்து சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து அந்த அக்காவுக்கு டீ குடோனுக்குள்ளேயே போகிறது.